தேக்கடிக்குப் புறப்படுமுன்

கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, குமுளி மலைப்பாதையேறித் தேக்கடி வனத்தைக் காணச் செல்லும் அன்பர்கள், அங்குள்ள ஏரி இயற்கையாய் அமைந்ததன்று, பொறியாளர் பென்னிகுக் 1895-ல் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையினால் உண்டானது என்பதை நினைவிற் கொள்வது நலம். அன்று மூழ்கிய மரங்களின் பட்ட தண்டுகள் இன்றும் ஜலத்துக்கு மேலே கறுத்து நிற்க, அவற்றின் உச்சியில் நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காயும் காட்சி மனோகரமானது.

யானைக் கூட்டத்தைக் காண விரும்புவோர், காட்டுச் சுனைகள் வற்றி விலங்குகள் ஏரிக்கரையை நாடிவரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், காலைப் படகுக்கு முன்கூட்டியே சீட்டுப் பதிந்துகொள்வது உசிதம். கம்பளி மறந்தாலும் பாதகமில்லை. மௌனத்தை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பேச்சரவம் கேட்ட மாத்திரத்தில் கரையில் நிற்கும் யானை, குட்டியை முன்னே தள்ளிக்கொண்டு புதருக்குள் மறைந்துவிடும்.