வந்தவர் கேட்ட தமிழ்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரே வெளியிலிருந்து வந்து குடியேறிய பெயர்தான். 1755இல் மைசூர் அரசின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலி. அவருடைய தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் இருக்கிறது. பேகத்தின் பெயரால் இது பேகம்பூர். பாரசீகமும் உருதும் பேசிய ஆட்சியாளர்களின் காலத்தில் தமிழ் எடுத்துக்கொண்ட வசூல், பாக்கி, ரசீது, கஜானா, ஜமாபந்தி முதலான சொற்களை இன்று எவரும் அயற்சொல் என்று ஒதுக்கிவைத்துப் பேசுவதில்லை. வேற்று மண்ணில் குடியமர்ந்து அம்மண்ணின் மொழியைக் கற்பவர் படும் பாட்டையும், அப்பாட்டினால் அம்மொழிக்கு விளையும் பயனையும் எண்ணிப் பார்க்க ஏற்ற ஊர் இது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. அவர் ஒரு தமிழாசிரியரை மாணவர்களோடு தம் இருப்பிடத்திற்கே வரவழைத்தார். சிறுவர்களின் நடுவே அமர்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஜெர்மனியில் பல்கலைக்கழகம் கண்டவர் அரிச்சுவடிப் பிள்ளையோடு பிள்ளையாக உட்கார வேண்டியிருந்தது. புதுமொழி கற்பவர் எவரும் செலுத்த வேண்டிய முதல் கட்டணம் இதுதான். கற்ற பெருமையைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் வந்தவர் இத்தாலியரான கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680இல் பிறந்த அவர் மதுரை மறைப்பணித் தளத்தை அடைந்தபோது முப்பதைத் தொட்டிருந்தார். அவரை வீரமாமுனிவர் என்று கொண்டாடும் நாம், தேம்பாவணியின் மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைச் சொல்லி வியப்போம். அவ்வியப்பு தகும். ஆனால் அவர் பட்ட இடர்ப்பாட்டின் தடம் காவியத்தைக் காட்டிலும் அவருடைய இலக்கணங்களிலும் அகராதியிலுமே தெளிவாகத் தெரிகிறது.

அவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது மரபுவழிச் செய்தி. அக்கவிராயர் யார்? இம்மாவட்டத்து நிலக்கோட்டைப் பாளையத்தின் கூளப்ப நாயக்கன்மீது காதலும் விறலிவிடு தூதும் பாடியவர். சிற்றின்பச் சுவை ததும்பும் விறலிவிடு தூது பாடிய புலவரிடம் ஒரு துறவி பாடம் கேட்டார் என்பதை எண்ணும்போது புன்னகை அரும்பாமல் இராது. மொழி கற்க வந்தவர் ஆசிரியரைத் தம் சமயத்திற்கும் ஒழுக்கத்திற்கும் ஒத்தவராகத் தேடவில்லை. மொழியை அறிந்தவராகத் தேடினார்.

கவிராயரிடம் கற்ற தமிழைக் கொண்டு சந்தையில் உப்பும் மிளகும் வாங்க முடியாது. சந்தையில் கேட்ட தமிழைக் கொண்டு நன்னூலைப் பயில முடியாது. ஒரே பெயரில் இரு மொழிகள் எதிர்ப்பட்டாற் போன்ற திகைப்பு இது. தாய்ப்பாலோடு ஒன்றையும் திண்ணைப் பள்ளியில் மற்றொன்றையும் பெற்ற நமக்கு இத்திகைப்பு தெரியாது. எனவேதான் நம் இலக்கணங்கள் செய்யுள் வழக்கையே தலைமையாகக் கொண்டு, அன்றாடப் பேச்சைத் தனியே விளக்க முனையவில்லை. வீரமாமுனிவர் இரண்டு இலக்கணங்களை இலத்தீனில் எழுதினார். 1728இல் முடித்தது கொடுந்தமிழுக்கு. 1730இல் முடித்தது செந்தமிழுக்கு. முன்னதை 1738இல் தரங்கம்பாடியில் அச்சிட்டவர்கள், அவர் கடுமையாக வாதிட்டு மறுத்த லுத்தரன் சபையார்! சமயப் பகை ஒருபக்கம் இருக்க, மொழி கற்க வழியில்லாத் தவிப்பு இரு தரப்பாருக்கும் பொதுவாயிருந்தது.

எழுத்திலும் அவருக்கு இடர் இருந்தது. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்குப் புள்ளியிட்டு நெட்டெழுத்தினின்று பிரிப்பது பழைய முறை. ஓலையில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். ஆகவே 'கெடு' என்பதும் 'கேடு' என்பதும், 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் ஒரே வடிவில் நின்றன. தமிழறிந்தவர் இடம் நோக்கிப் படித்துக்கொண்டார். மொழி கற்க வந்தவர்க்கோ எந்த இடமும் இருட்டுத்தான். நெடிலுக்குத் தனிக் குறி வேண்டும் என்று வீரமாமுனிவர் வகுத்தது அச்சுக் காலத்தில் நிலைபெற்றது. இன்று இவ்வட்டத்தின் கவிஞர் ஒருவர் 'கோடு' என்று எழுதும்போதெல்லாம், ஓர் அயலானின் தடுமாற்றத்திற்குக் கிடைத்த விடையைப் பயன்படுத்துகிறார்.

1732இல் அவர் தொகுத்த சதுரகராதியும் இவ்வாறே பிறந்தது. நிகண்டு பாட்டாக இருந்தது. மனப்பாடம் செய்தவர்க்கே அது உதவியது. வயது வந்தபின் மொழியைத் தொடங்குபவர்க்குச் சொல்லை எழுத்து வரிசையில் தேடி எடுக்கும் கருவி வேண்டும். பரமார்த்த குரு கதையும் எளிய நடையில் தமிழ் பயில்வோர்க்குப் பாடமாக எழுதப்பட்டதே. நம் உரைநடைப் புனைகதை வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு வாசிப்புப் பயிற்சி நூல் நிற்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

இனி இக்காட்சியைத் திருப்பி வைத்துப் பார்க்கலாம். 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் ஈழத் தமிழர் ஆயிரக்கணக்கில் சுவிட்சர்லாந்தை அடைந்தனர். பெஸ்கிக்குத் திருச்சபை பின்னால் நின்றது, ஆசிரியர் அருகில் இருந்தார். இவர்களில் பலர் உணவு விடுதிச் சமையற்கூடங்களில் பாத்திரம் கழுவி, எஞ்சிய நேரத்தில் எழுத்துக் கூட்டினர். அங்கும் இரு மொழிகள் எதிர்ப்பட்டன. பாடநூலும் பள்ளியும் அலுவலகப் படிவமும் பொது ஜெர்மனில். தெருவும் கடையும் தொழிலிடமும் வட்டார ஜெர்மனில். மறுப்பைக் குறிக்கும் சொல் பாடநூலில் 'நிஷ்ட்'; சூரிக் தெருவில் அது 'நோட்'. வகுப்பில் கற்றதை வாயெடுத்துச் சொன்னால் அயலான் என்பது அக்கணமே வெளிப்பட்டுவிடும். வீரமாமுனிவருக்கு நேர்ந்த அதே திகைப்பை இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்துத் தமிழர் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் கண்டனர்.

இங்கு ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தமிழ் கற்ற அயலாரை மேடைதோறும் போற்றுகிறோம். அயல்மொழி கற்ற நம்மவரையோ தமிழை மறந்தவர் என்று எளிதில் குறை கூறுகிறோம். மருத்துவர் முன் தந்தையின் நோயைப் பத்து வயது மகள் மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்த வீட்டில், அத்தந்தை அங்குள்ள மொழியைக் கற்பது மானத்தின் பொருட்டு. புலம்பெயர் கவிதைகளை இவ்வட்டத்தில் வாசிக்கும்போது பனியையும் பிரிவையும் பாராட்டுவதோடு நிறுத்திவிடுகிறோம். சொல் கிடைக்காமல் நாவு நின்ற அக்கணத்தை எழுதிய வரிகளைத் தேடிப் படிப்பது குறைவு.

அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இரு ஜெர்மன்களையும் இயல்பாகப் பேசுகின்றனர். பொது ஜெர்மன் எது, வட்டார வழக்கு எது என்பதை வேறுபடுத்தி அறிந்த செவி அவர்களுடையது. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இப்போது அவர்களே புதியவர்கள். வீட்டில் அம்மா 'வருகினம்' என்கிறாள். புத்தகம் 'வருகிறார்கள்' என்கிறது. இதில் எதைக் கற்பது, எதை எங்கே பேசுவது என்று அப்பிள்ளை கேட்கிறது. அதன் கையில் கொடுக்கப் பேச்சுத் தமிழின் எளிய இலக்கணம் ஒன்றை நாடினால், 1728இல் ஓர் இத்தாலியர் இலத்தீனில் எழுதியதே முதலில் நினைவுக்கு வருகிறது.