சிறுமூளையும் சொந்தக் கல்யாணமும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பின்தலையில் இருக்கும் சிறுமூளையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன். பேர்தான் சிறுமூளை. மூளையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆனால் நரம்பு செல்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அங்கேதான். நாம் தள்ளாடாமல் நடப்பது அதன் தயவு.

அதன் நடுப்பகுதிக்கு வெர்மிஸ் என்று பெயர். சில குழந்தைகளுக்குக் கருவிலேயே அது சரியாக வளர்வதில்லை. கனடாவின் மான்ட்ரியலில் டாக்டர் மேரி ஜூபேரும் சகாக்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரிடம் இதைக் கண்டு, 1969-இல் எழுதினார்கள். ஜூபேர் நோய் என்ற பெயர் அப்படி வந்தது. குழந்தையின் உடம்பு துவண்டிருக்கும். மூச்சு சில நேரம் வேகமாக இரைக்கும், சில நேரம் நின்று வரும். கண்ணசைவு சீராக இராது. நடை, பேச்சு தாமதமாகும். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் கடைவாய்ப்பல் போலத் தெரியும்.

உடனே நாம் என்ன கேட்கிறோம்? "கிரகணத்தன்னைக்கு வெளியே போனாளா?" தாய்மேல் எந்தக் குற்றமும் இல்லீங்க. பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே மரபணுவில் பிழை ஒளிந்திருக்கும். அவர்களுக்கு நோய் இராது. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 4-இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டினால் ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடும். அந்தக் கனடாப் பெற்றோரும் தூரத்துச் சொந்தம்தான். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டுகிற நமக்கு இது பக்கத்து வீட்டு விஷயம்.

இன்னொன்று. இந்த மரபணுக்கள் செல்லின்மேல் உள்ள சிலியா என்ற நுண்ணிழைக்கு வேண்டியவை. அந்த இழை சிறுநீரகத்திலும் விழித்திரையிலும்கூட உண்டு. "கோளாறு தலையில்தானே"ன்னு இருந்தால், சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுவிடும். வருஷம் ஒருமுறை சிறுநீரகம், கண், ஈரல் மூன்றையும் பார்த்தே ஆகணும்.

முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால் உடற்பயிற்சி சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் பலன் உண்டு. தாமதமானாலும் நடக்கும் பிள்ளைகள் பலர்.

தம்பி தங்கைகளே, உறவில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசனைக்கு அந்தப் பெற்றோரை அழைத்துப் போங்கள். தாயைக் குறை சொல்லும் வாயை அடக்குங்கள். படித்தவர்கள் நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?