நலம் விசாரிப்பதும் ஓர் அமானிதம்



குருதிப் புற்றுநோய்க்காக என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோ வீடு திரும்பினால், உறவினர் திரண்டு சென்று பார்ப்பது நம் வழக்கம். நோயாளியை நலம் விசாரிப்பது ஸுன்னத். அவருக்குத் தீங்கு நேராமற் காப்பதோ கடமை.

இச்சிகிச்சையின் பின் நோயெதிர்ப்பு வலிமை மீள ஓராண்டோ அதற்கு மேலோ செல்லும். சிறுவயதுத் தடுப்பூசிகளின் பயனும் பெரும்பாலும் அற்றுப்போவதால், மருத்துவர் கூறும் காலத்தில் அவற்றை மீண்டும் ஏற்ற வேண்டும். நமக்குச் சாதாரண தடிமன். அவருக்கு அதுவே உயிராபத்து.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என அலட்சியமாயிருப்பது தவக்குல் ஆகாது. கொள்ளைநோய்ச் செய்தி கேட்ட உமர் (ரலி) அவர்கள், ஷாமுக்குள் நுழையாது வழியிலேயே திரும்பினார்கள்.

பெற்றோரே, தொலைபேசியில் விசாரியுங்கள், துஆச் செய்யுங்கள். ரமழானில் அவர் நோன்பு நோற்காவிடின் குறைகூறாதீர்கள்; அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் நோயாளிக்குச் சலுகை வழங்கியுள்ளது. இளைஞர்களே, நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்திற்குச் சென்று குருதி வழங்குங்கள். மஹரகம வைத்தியசாலைக்குச் செல்லும் நாட்களில் அக்குடும்பத்திற்குத் துணை நில்லுங்கள்.

அல்லாஹ் நோயாளர் அனைவருக்கும் பூரண ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.