மாணவர் நலனும் தேர்தல் மேடையும்

மாணவர் சங்கத் தேர்தல் என்றவுடன் சுவரொட்டிகளும் ஆரவாரமும் மேடைப் பேச்சுகளுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பிரித்தானியப் பல்கலைக் கழகங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் இத்தேர்தல்களில், ஆரவாரத்தோடு எளிதிற் பொருந்தாத பதவி ஒன்று உண்டு. அதுவே மாணவர் நலன்புரி அலுவலர் பதவியாகும். இலங்கையிலிருந்து அங்குச் சென்று கற்கும் மாணவரும் சங்கத்தின் அங்கத்தவரே. வாக்களிக்கும் உரிமை அவர்க்கும் உண்டு. ஆதலின், இப்பதவியின் இயல்பை அறிந்திருத்தல் இலங்கைப் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் பயன் தருவதாகும்.

மாணவர் தம்முட் சிலரைத் தெரிந்து தமக்காகப் பேசவைக்கும் வழக்கத்திற்கு நெடிய வரலாறு உண்டு. 1884ஆம் ஆண்டில், ரொபேட் பிற்ஸ்ரோய் பெல் என்பவர் ஸ்ட்ராஸ்பேர்க் நகரிற் கண்ட மாணவர் அமைப்பைத் தழுவி, எடின்பரோப் பல்கலைக் கழகத்தில் மாணவர் பிரதிநிதிகள் சபையைத் தோற்றுவித்தார். 1889இல் இயற்றப்பட்ட ஸ்கொத்லாந்துப் பல்கலைக் கழகங்கள் சட்டம் இத்தகைய சபைகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளித்தது. 1922இல் தேசிய மாணவர் ஒன்றியம் நிறுவப்பட்டது. பின்னர் வந்த 1994ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், சங்கத்தின் முக்கிய பதவிகள் இரகசிய வாக்கெடுப்பினாலேயே நிரப்பப்படல் வேண்டும் என்றும், ஊதியம் பெறும் பதவியில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருத்தலாகாது என்றும் விதித்தது.

நலன்புரி அலுவலர் பல சங்கங்களில் ஊதியம் பெற்று முழு நேரமும் பணியாற்றுபவர். படிப்பை ஓராண்டு நிறுத்தி வைத்தோ, பட்டம் பெற்ற கையோடோ அவர் பதவியேற்கின்றார். வாக்குச் சீட்டில் அபேட்சகர்களின் பெயர்களோடு, 'மீண்டும் நியமனங் கோருக' என்ற தெரிவும் இடம்பெறுவது வழக்கம். ஒருவரே போட்டியிட்டாலும் அவரை மாணவர் நிராகரித்தல் இயலும்.

இப்பதவியை நாடுவோர் முதலில் உணர வேண்டியது தம் அதிகாரத்தின் எல்லையை. 'விடுதி வாடகையைக் குறைப்பேன்' என்று மேடையில் முழங்குதல் எளிது. வாடகையை நிருணயிப்பதோ பல்கலைக் கழகமும் வீட்டுச் சொந்தக்காரருமே. அலுவலருக்கு உள்ளது குழுக்களில் அமர்ந்து காரணங் காட்டி வாதாடும் உரிமை மாத்திரமே. பண நெருக்கடியில் உள்ளோர்க்கு உதவும் நிதிக்குரிய விண்ணப்பப் படிவத்தை எளிமையாக்குமாறு கேட்கலாம். உளவளத் துணையாளரை மாலை வேளையிலும் சந்திக்க வழி செய்யுமாறு கோரலாம். முற்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரரை எதிர்கொள்ளும் மாணவருக்குச் சட்ட ஆலோசனை கிடைக்கும் இடத்தைக் காட்டலாம். இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால், நிறைவேற்றக்கூடியவை இவையே.

இரண்டாவது இடர்ப்பாடு இதனினும் பெரிது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. தேர்தற் கூட்டத்திற்கு வந்து குரல் எழுப்புவோர் பெரும்பாலும் நண்பர் கூட்டமும் ஓய்வு நேரமும் உடையவர்கள். உதவி மிகவும் வேண்டியவரோ அங்கு வருவதில்லை. வெளிநாட்டு மாணவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய விசாவின் நிபந்தனைப்படி பிரித்தானிய அரசின் பொது உதவிப் பணம் அவருக்குக் கிடையாது. பட்டப் படிப்பு மாணவராயின், தவணைக் காலத்தில் வாரத்திற்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்தலும் ஆகாது. ஊரில் நிலத்தை ஈடு வைத்துப் பணம் அனுப்பிய பெற்றோரிடம் தம் பசியைச் சொல்ல அவர் நாணுவார். முன்பின் அறியாத அலுவலரிடம் சொல்ல அதனினும் நாணுவார். இரவு வேலை முடித்து வரும் அவரைத் தேடி, பஸ் தரிப்பிடத்திற்கும் நூல்நிலையத்திற்கும் ஆய்வுகூடத்திற்கும் செல்லாத அபேட்சகர், வெற்றி பெற்ற பின்னரும் அவரைக் காணப்போவதில்லை.

அன்றியும், இப்பணியின் வெற்றிகளைப் பறைசாற்றுதல் இயலாது. துயருற்ற ஒருவரை உரிய வைத்தியரிடமோ ஆலோசகரிடமோ சேர்ப்பித்த செய்தியை அடுத்த தேர்தலிற் கூறி வாக்குக் கேட்பது, அவர் வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் துரோகமாகும். எனவே, மீண்டும் போட்டியிடும் அலுவலர் தம்மால் மாற்றப்பட்ட விதிகளைக் காட்டலாம். தாம் உதவிய மனிதரைக் காட்டலாகாது.

இவ்வாறாயின் வாக்குவேட்டை வீண் எனக் கருதுதலும் தவறு. பல சங்கங்களில் வாக்களிப்போர் தொகை மாணவர் தொகையிற் பாதியையும் எட்டுவதில்லை. சிலரே தெரிந்தெடுத்த பிரதிநிதியின் சொல் பல்கலைக் கழகக் குழுவில் எடையற்றுப் போகும். பலர் வாக்களித்துத் தெரிந்த ஒருவரின் சொல்லை நிருவாகிகள் எளிதிற் புறக்கணித்தல் அரிது. பேசாதிருக்கும் மாணவருக்காகப் பேசும் வலிமையை அலுவலர் பெறுவது அந்த வாக்குகளினாலேயே.

ஆகவே, வாக்காளர் அபேட்சகரிடம் இரண்டு வினாக்களைக் கேட்டல் நன்று. நீர் வாக்களிக்கும் காரியத்துள் உமது கைக்கு எட்டுவது எது? உமக்கு வாக்களிக்க வராத மாணவரை எங்ஙனம் கண்டடைவீர்? இவற்றுக்குத் தெளிவான விடை தருபவர் மேடையிற் சற்றுத் தடுமாறிப் பேசினாலும், அவரைத் தெரிந்தெடுத்தல் தகும்.