பத்திரிகை சொன்னதும் சொல்லாததும்



போர் மூண்டால் அரிசி விலை ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். அரிசி விலை ஏறுவதற்கு முன்னாலேயே செய்தித்தாளின் பேச்சு மாறிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. போர்க்காலத்தில் அரசாங்கம் பத்திரிகைக்காரர் வாயிலாக மக்களிடம் எப்படிப் பேசுகிறது, அந்தப் பேச்சை நம்பியதால் நம் தோட்டத்து மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றி இன்று சில விவரங்களைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து வடக்கே ஜித்ரா வரை போனால் போதும்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் சயாமின் தென்கரையிலும் இறங்கியது. ஜித்ராவில் பிரிட்டிஷ் தரப்பில் நின்ற பஞ்சாபியரும் கூர்க்கரும் 11, 12ஆம் தேதிகளில் அடிபட்டுப் பின்வாங்கினார்கள். 13ஆம் தேதி அலோர் ஸ்டார் ஜப்பானியர் வசமாயிற்று. அப்போது சிங்கப்பூரில் தணிக்கை இருந்தது. இராணுவம் எழுதிக் கொடுத்த அறிக்கையை ஒட்டித்தான் பத்திரிகைகள் எழுத முடியும். அத்தகைய அறிக்கைகளில் 'தோல்வி' என்ற சொல் இலேசில் வராது. படை ஒழுங்காகப் பின்வாங்கிப் புதிய நிலைகளில் நிற்கிறது என்பார்கள். ஆனால் ஊர்ப்பெயரை எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? குரூண், கம்பார், சிலிம் ரிவர் என்று பெயர்கள் தெற்கே இறங்கிக்கொண்டே வந்தன. பள்ளிக்கூடத்துத் தேசப்படம் ஒன்று கையில் இருந்தவருக்கு, அறிக்கையின் அலங்காரம் தேவைப்படவில்லை.

பினாங்குக் கதை இன்னும் மோசம். டிசம்பர் 11ஆம் தேதி ஜியார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. 16ஆம் தேதி இரவு வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சில நாள் கழித்து, பினாங்கு மக்களில் பெரும்பாலோர் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள் என்று சிங்கப்பூரிலிருந்து டஃப் கூப்பர் வானொலியில் பேசினார். அவர் லண்டன் அனுப்பிய மந்திரி. தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் தீவிலேயே இருந்தார்கள். அப்படியானால் அவர் சொன்ன 'மக்கள்' யார்? ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரை விட்டுவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

பத்திரிகைக்காரர் எல்லாரும் பொய்யர் என்று நான் சொல்ல வரவில்லை. அதே பினாங்கில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். ஆட்சியாளர்கள் ஓடிய பின் ஊரைக் காக்க ஒரு குழு அமைந்தது. அதற்கு அவர்தான் தலைவர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பிரிட்டிஷார் உடைக்காமல் விட்டுப்போன வானொலி நிலையத்திலிருந்து, இங்கே படை இல்லை, குண்டு போட வேண்டாம் என்று அறிவித்தார். ஒரு போர்க்காலப் பத்திரிகையாளர் நேராகச் சொன்ன செய்தி அது. பல உயிர்களைக் காத்த செய்தியும்கூட. 19ஆம் தேதி வந்திறங்கிய ஜப்பானியரோ பிறகு அவரைச் சிறையில் வைத்தார்கள்.

சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' வெளியிட்ட கடைசித் தாளின் தலைப்பில், சிங்கப்பூர் நிலைத்து நிற்கும் என்ற கவர்னரின் வாக்கு இருந்தது. அன்று மாலையே நகரம் சரணடைந்தது. ஐந்தாம் நாள், 20ஆம் தேதி, அதற்குப் பதிலாக ஜப்பானியரின் 'ஷோனான் டைம்ஸ்' வந்தது. அந்த டிசம்பரில் அது 'ஷோனான் ஷிம்பூன்' ஆயிற்று. பினாங்கில் 'பினாங்கு ஷிம்பூன்' நடந்தது. தாளின் மேலே ஆண்டு 2602 என்று ஜப்பான் கணக்கில் போட்டார்கள். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். பெயர் மாறிற்று, ஆண்டு மாறிற்று. தாளின் வேலை மட்டும் மாறவில்லை.

அந்தத் தாளையும் வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தார். முதல் பக்கத்தில் கடற்படை வெற்றி. உள்ளே மரவள்ளிக்கிழங்கு நடுங்கள், மரவள்ளி மாவில் ரொட்டி இப்படிச் செய்யலாம் என்ற யோசனை. வெற்றிமேல் வெற்றி என்றால் நமக்கு ஏன் மரவள்ளிக்கிழங்கு? பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் போதுமான அரிசி வரவில்லை என்பதை அந்த உள்பக்கமே ஒப்புக்கொண்டது.

வெளிநாட்டு வானொலியைக் கேட்பது பெரும் குற்றம். பேராக், பாப்பானில் டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி சிபில், பி.பி.சி. செய்தியை இரகசியமாகக் கேட்டு வந்தார். 1943இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு ஆளானார். 1948இல் காலமானார்.

இனி நம் தோட்டங்களுக்கு வருகிறேன். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியருக்கு ஆள் தேவைப்பட்டது. 1943 தொடக்கத்தில் விளம்பரம் செய்தார்கள். நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம், குடும்பத்துக்கு வீடு என்பது வாக்குறுதி. மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லப்பட்டது. அன்று லயத்தில் எழுத்தறிந்தவர் மிகச் சிலர். கிராணியாரோ தண்டலோ சொன்னால்தான் செய்தி. 'பேப்பரில் போட்டிருக்கிறது' என்ற ஒரு வார்த்தைக்கு அரசாங்க முத்திரையின் மதிப்பு இருந்தது. பால்மரம் வெட்ட வேலை இல்லை, தோட்டத்துக்கு அரிசி இல்லை. அந்த நிலையில் யார்தான் போகமாட்டார்கள்? நம்பிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த விளம்பரம் சொல்லாதது எது? எந்தக் காடு, எத்தனை மைல் நடை, மருத்துவர் உண்டா, இறந்தால் வீட்டுக்கு யார் சொல்வது, இவை எதுவும் அதில் இல்லை. முன்னால் போனவர் ஒருவரின் கடிதமும் இல்லை. போதிய ஆள் கிடைக்காதபோது விளம்பரத்தை விட்டு, கண்ட இடத்தில் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அப்படிப் பிடிக்க வேண்டி வந்ததே முன்னைய வாக்குறுதிக்கு விளக்கமாயிற்று. மலாயாவிலிருந்து போனவர் சுமார் 75,000 பேர். அவர்களில் மிகுதி தோட்டத் தமிழர். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவிற்று. திரும்பாதவர் பல்லாயிரம். எண்ணிக்கை கணக்குக்குக் கணக்கு மாறுகிறது.

மறுகரையிலும் இதே முறைதான். 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தபோது பிரிட்டிஷ் அரசாங்கம் அதைச் சிறிதாகவே காட்டப் பார்த்தது. ஆகஸ்ட் மாதம் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஆசிரியர் இயன் ஸ்டீவன்ஸ் துணிந்து புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அதே மாதம் சுபாஷ் சந்திர போஸ் பர்மாவிலிருந்து அரிசி அனுப்ப முன்வந்து வானொலியில் அறிவித்தார். பிரிட்டிஷார் அதைப் பொருட்படுத்தவில்லை. எதிரியின் பஞ்சத்தை உரக்கச் சொல்வதும் தன் பஞ்சத்தை அடக்கி வாசிப்பதும் இரு தரப்புக்கும் கைவந்த கலை. ஒரு நாட்டின் குறையை அறிய வேண்டுமானால் அதன் எதிரியின் தாளையும் பார்ப்பது நல்லது. பாதியைத் தள்ளிவிட்டுத்தான்!

காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. நம்மவருக்கு அப்படி வரிசையாகப் பெயர் பொறித்த கல் கிடையாது. உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டானால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போன ஆண்டையும் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டுப் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். கேட்பதற்கு ஆள் குறைந்துகொண்டு வருகிறது. ஷிம்பூன் பக்கங்களில் அந்தப் பெயர்களைத் தேடிப் பயனில்லை.