உதவ ஓடுவதற்கு முன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

"பிள்ளையைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கலாமா? படிப்பு கெட்டுப்போகாதா?" என்று நம் குடியிருப்பில் சிலர் கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

2012 செப்டம்பர் 5-ஐ நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. சத்தம் கேட்டதும் சுற்று வட்டாரத்தில் இருந்தவர்கள் ஓடினார்கள். காப்பாற்றப் போனவர்களும் உண்டு, வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உண்டு. அடுத்து வெடித்தபோது அவர்களும் சிக்கிக்கொண்டார்கள். அன்று உயிரிழந்த 30-க்கும் மேற்பட்டவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை.

நம் ஊர்க்காரர்களிடம் உதவும் மனசுக்குக் குறைவில்லை. எப்போது நெருங்கலாம், எப்போது தள்ளி நிற்க வேண்டும் என்ற பயிற்சிதான் போதவில்லை. சாரணர் இயக்கம் அதைச் சிறு வயதிலேயே பழக்குகிறது. அதன் குறிக்கோள் வாசகமே 'தயாராக இரு' என்பதுதான்.

1907-இல் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களோடு முகாம் நடத்தினார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினார்கள். நம் நாட்டில் பல பிரிவுகளாக இருந்தவை 1950 நவம்பர் 7-இல் பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றிணைந்தன. 2025-இல் அதன் வைரவிழாப் பெருந்திரளணி நம் மணப்பாறையில்தான் நடந்தது.

பிள்ளைகள் அங்கே ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியாக இயங்குவார்கள். கூடாரம் போடுவது, நடைபயணம் போவது, விறகு அடுப்பில் சமைப்பது, முதலுதவி செய்வது எல்லாம் கற்றுக்கொள்வார்கள். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப், கை உடைந்தவருக்குத் தொட்டில் கட்டாகும். தீக்காயத்தில் பற்பசையோ மையோ தடவாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும் என்பது தெரிந்திருந்தால், தீபாவளியன்று நம் வளாகத்திலேயே அது உதவும்.

10 வயதானால் சாரணர், சாரணியரில் சேரலாம். அதற்கும் சிறியவர்களுக்குக் குருளையர், நீலப்பறவையர் பிரிவுகள் உண்டு. பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். சீருடை போட்டுக் கொடியேற்று விழாவில் நிற்பதோடு முடிந்துவிடுகிறதா, முதலுதவி வகுப்பும் முகாமும் உண்டா என்பதையும் கேளுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்பது முக்கியம்.

படிப்பைப் பற்றிய கவலைக்கு வருகிறேன். வாரத்தில் ஓரிரு மணி நேரம் போகும்தான். ஆனால் நாளை எங்கேனும் வெடிச் சத்தம் கேட்டு நாம் வண்டியை எடுக்கும்போது, "அங்கே போகாதீங்கப்பா, முதலில் 101-க்கும் 108-க்கும் சொல்லுங்க" என்று தடுக்க வீட்டில் ஒரு பிள்ளை இருக்கும். அந்த ஓரிரு மணி நேரத்தைக் கொடுக்கலாம் என்பதே என் பதில்.