திறந்த பாடங்களும் கொரியப் பல்கலைக்கழக வகுப்பறையும்

(வெள்ளிவிழாக் கல்வி அமர்வில் ஆற்றிய உரை)



அயல்நாட்டுக் கல்வி முயற்சி ஒன்றைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் நம்மைப் பணித்தனர். அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் பற்றிப் பேசுவோர் பலர் உளர். ஆகவே நாம் தென்கொரியாவைத் தேர்ந்துகொண்டோம். 1945-இல் ஜப்பானியர் ஆட்சியினின்று அந்நாடு விடுபட்டபோது, அங்கே எழுத்தறியாதவர் நூற்றுக்கு 78 பேர். ஐந்தாண்டுகளில் பெரும்போர் மூண்டது. 1951-இல், தலைநகரை விட்டு ஓடிவந்த கல்லூரிகள் பூசான் துறைமுக நகரில் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் ஒன்றாகக் கூடிப் போர்க்காலப் பல்கலைக்கழகம் நடத்தின. அந்த நாட்டில்தான் 2008-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி முடித்த நூறு பேரில் 80-க்கும் மேற்பட்டோர் உயர்கல்விக்குச் சென்றனர். ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் நிகழ்ந்த மாற்றம் இது.

ஆனால் கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று. அங்கே நல்ல பாடம் கிடைப்பது வேறொன்று. இன்று நாம் பேச வந்தது இரண்டாவதைப் பற்றியே. நம் இளைஞர்களும் இடத்துக்காகப் போராடிப் பழகியவர்கள். இடம் பெற்றபின் அந்த வகுப்பறையில் என்ன நடக்கின்றது என்று கேட்க நமக்கு ஓய்வும் இருந்ததில்லை, துணிவும் இருந்ததில்லை.

கொரியப் பல்கலைக்கழக வகுப்பில் என்ன நடந்தது? சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் மையத்தில் பணியாற்றிய லீ ஹே-ஜங் என்னும் அம்மையார் 2014-இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பல்கலைக்கழகத்தில் 'ஏ பிளஸ்' பெறுகின்றவர் யாவர் என்பதே அதன் பெயரும் பொருளும். நாட்டிலேயே சிறந்த மாணாக்கர் சேரும் அவ்விடத்தில், மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களை அழைத்து, அவர்கள் எவ்வாறு படிக்கின்றனர் என்று வினவினார். பெரும்பாலோர், பேராசிரியர் சொல்வதைச் சொல் விடாமல் எழுதிக்கொள்வதாகக் கூறினர். தம் கருத்து பேராசிரியர் கருத்தினின்று வேறுபடுமாயின் தேர்வில் எதை எழுதுவீர் என்று கேட்டதற்கு, பேராசிரியர் கருத்தையே எழுதுவோம் என்றனர். பேராசிரியர் சொல்வார், மாணாக்கர் எழுதுவார், தேர்வில் அதையே திருப்பித் தருவார். இதற்கு ஒரு பெரிய மண்டபமும் நூறு நாற்காலியும் எதற்கு? சுண்ணக்கட்டியோடு முப்பதாண்டு கழித்த நமக்கு அந்நூலின் செய்தி வியப்பளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

இந்நிலைக்கு மாணாக்கர் மட்டும் பொறுப்பல்லர். நவம்பர் மாதத்தில் ஒரே நாளில் நடக்கும் கல்லூரி நுழைவுத் தேர்வு அவர்கள் இளமை முழுவதையும் விழுங்கிவிடுகின்றது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி நடக்கையில் வானூர்திகள் ஏறவும் இறங்கவும் கூடாது என்று தடை விதிக்கும் அளவுக்கு அத்தேர்வு அங்கே பெரிது. பேராசிரியர்களின் நிலை என்ன? 1999-இல் தொடங்கிய 'மூளைக் கொரியா 21' திட்டம் ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் தந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதியவர்க்குப் பதவி உயர்வு வந்தது. நன்றாகப் பாடம் நடத்தியவரை யார் கண்டார்? வகுப்பறைக் கதவு சாத்தியிருந்ததே!

அந்தக் கதவு திறந்த கதைக்கு வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், இணையவழிப் பாடங்களை விற்றுப் பொருளீட்டலாமா என்று ஆராய ஒரு குழு அமைத்தது. விற்க வேண்டா, இலவசமாகவே கொடுத்துவிடலாம் என்று குழு சொல்லிற்று. 2001 ஏப்ரலில் அக்கழகம் அதனை உலகுக்கு அறிவித்தது. 2007-க்குள் ஏறத்தாழ 1800 பாடங்களின் குறிப்புகளும் பயிற்சிக் கணக்குகளும் வினாத்தாள்களும், சிலவற்றுக்கு ஒளிப்பதிவுகளும் இணையத்தில் வந்துவிட்டன. எவரும் எடுக்கலாம், திருத்தலாம், தம் மாணாக்கர்க்குத் தரலாம். ஆக்கியோன் பெயரைச் சொல்லவேண்டும், விற்கக்கூடாது. திறந்த பாடம் என்பது இதுவே.

அதே 2007-இல் கொரியக் கல்வி ஆராய்ச்சித் தகவல் நிறுவனம், தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடங்களை ஒரே இடத்தில் திரட்டித் தரும் பொதுப்பணியைத் தொடங்கியது. கே.ஓ.சி.டபிள்யூ. என்பது அதன் சுருக்கப் பெயர். விரிவுரைகள் பெரும்பாலும் கொரிய மொழியிலேயே அமைந்தன. ஆங்கிலம் தடுமாறும் மாணவன் அயல்நாட்டுப் பாடத்தின் வாசலில் நின்று திரும்பிவிடுவானன்றோ! சூக்மியுங் மகளிர் பல்கலைக்கழகம் இதற்கு வேறொரு வழி கண்டது. 'ஸ்நோ' என்ற பெயரில் ஓர் இணையத்தளம் அமைத்து, அயல்நாட்டு விரிவுரைகளுக்குக் கொரிய மொழியில் வசன வரிகள் சேர்க்கும் பணியில் தொண்டர்களை ஈடுபடுத்தியது. ஒரு விரிவுரையை வரிவரியாக மொழிபெயர்ப்பவர் அதைப் பத்து முறை கேட்டவர் ஆகின்றார். அவரைவிட அப்பாடத்தை நன்கு கற்றவர் வேறெவர்?

இதனால் கற்பித்தல் எவ்வாறு சிறந்தது என்பதே நம் கேள்வி. நம் பள்ளிகளில் ஆய்வாளர் வரும் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று பாடக்குறிப்பேடு எழுதப்பட்டிருக்கும். கரும்பலகை துடைக்கப்பட்டிருக்கும். கடைசி இருக்கையில் ஆய்வாளர் வந்து அமர்ந்தவுடன், ஆண்டு முழுவதும் கேள்வி கேளாத ஆசிரியரும் கேள்வி கேட்பார். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி! திறந்த பாடம் என்பது ஆய்வாளர் எழுந்து போகாத வகுப்பு. பாடத்தை நாடே பார்க்கும் என்று அறிந்த பேராசிரியர், மஞ்சள் படிந்த பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு காலம் தள்ள இயலாது.

ஆய்வாளருக்கு அஞ்சிச் செய்வதைவிட, உடன் பணிபுரிவாரைக் கண்டு கற்பதே மேல் என்பது நம் கருத்து. ஓர் ஆசிரியர் மற்றோர் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து கேட்பது பள்ளியிலேயே அரிது. பல்கலைக்கழகத்திலோ அதனை அவமதிப்பாகக் கொள்வாரும் உளர். திறந்த பாடம் அந்தக் கூச்சத்தைப் போக்கிற்று. எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் என்னும் பேராசிரியர் நடத்திய நேரியல் இயற்கணித வகுப்பை 1999-இல் ஒளிப்பதிவு செய்தனர். ஒரு கரும்பலகை, ஒரு சுண்ணக்கட்டி, இரண்டு சமன்பாடு, இரண்டு கோடு, அங்கிருந்துதான் தொடங்குகின்றார். கொரியாவில் சிறு நகரக் கல்லூரி ஒன்றில் அதே பாடத்தை நடத்தும் இளம் ஆசிரியர் அதனை இரவில் தனியே பார்க்கலாம். எந்த உதாரணத்தை முதலில் வைக்கின்றார், எங்கே நிறுத்திக் காத்திருக்கின்றார், மாணவன் தடுமாறும் இடத்தை எவ்வாறு முன்கூட்டியே உணர்கின்றார் என்றெல்லாம் கண்டு, தமக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். எவரிடமும் சென்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இதற்கும் மேலே சென்றது தேஜொன் நகரிலுள்ள கைஸ்ட் என்னும் உயர் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். 2012-இல் 'கல்வி 3.0' என்ற திட்டத்தை அது தொடங்கியது. விரிவுரையை மாணாக்கர் வகுப்புக்கு முன்பே இணையத்தில் பார்த்துவிட வேண்டும். வகுப்பு நேரத்தில் விரிவுரை கிடையாது. குழுவாக அமர்ந்து கணக்குப் போடுதலும் வாதிடுதலுமே அங்கே நடக்கும். பேராசிரியர் குழுக்களிடையே சென்று உதவுவார். கொரியர் இம்முறையைத் 'தலைகீழ் வகுப்பறை' என்றே அழைக்கின்றனர். சொல்லும் வேலையை ஒளிப்பதிவு எடுத்துக்கொள்ள, கேட்கும் வேலையும் கேட்கவைக்கும் வேலையும் ஆசிரியருக்கு மிஞ்சின. லீ அம்மையார் கண்ட நோய்க்கு இதுவன்றோ நேர் மருந்து!

மருந்து எளிதில் தொண்டையில் இறங்குவதில்லை. திறந்த பாடம் என்றவுடன், எந்நாட்டிலும் ஆசிரியர் தயங்கவே செய்வர். என் பிழையை ஊரறியக் காட்டவா என்பது ஓர் அச்சம். பாடப்படங்களில் பிறர் நூல்களிலிருந்து எடுத்தவை கலந்திருக்கும்; வகுப்புக்குள் காட்டும்வரை யாரும் கேளார், பொதுவில் வைத்தால் பதிப்புரிமை குறுக்கிடும். அவற்றை நீக்கவோ உரிமை பெறவோ உழைப்பும் பொருளும் வேண்டும். ஒருமுறை பதிவுசெய்தபின் நான் எதற்கு என்ற கேள்வியும் எழும். இந்தக் கடைசி அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். செலவைக் குறைக்க விரும்பும் நிருவாகம் எந்த நாட்டிலும் உண்டு.

அந்தக் கேள்விக்கு விடை 2020-இல் கிடைத்தது. கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சு மாதம் தொடங்கும். கொரோனா தொற்றால் அவ்வாண்டு பல்கலைக்கழகங்கள் அனைத்தும் இணையத்துக்கு மாறின. இணையவழிப் பாடங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்றிருந்த வரம்பும் தளர்த்தப்பட்டது. எங்கும் ஒளிப்பதிவு, எந்நேரமும் ஒளிப்பதிவு. மாணாக்கர் மகிழ்ந்தனரா? கட்டணத்தைத் திருப்பித் தருக என்று முழங்கினர், நீதிமன்றத்துக்கும் சென்றனர். பழைய பதிவுகளையே மீண்டும் ஓடவிட்டனர் என்ற குறையும் எழுந்தது. இணையத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டின் பிள்ளைகளே இவ்வாறு கூறினர் என்றால், நாம் அதனைச் செவிமடுத்தல் வேண்டும். கைஸ்டில் பயன்பட்டதும் ஒளிப்பதிவே. 2020-இல் வெறுக்கப்பட்டதும் ஒளிப்பதிவே. அங்கே பதிவுக்குப்பின் ஆசிரியர் வந்தார். இங்கே பதிவு முடிந்ததும் திரை இருண்டது.

இடையில் 2015 அக்டோபரில் 10 பல்கலைக்கழகங்களின் 27 பாடங்களோடு கே-மூக் என்ற அரசுத் திட்டமும் தொடங்கியது. முந்தையது நூலக அலமாரியைப் போன்றது. இதிலோ கால அட்டவணை, பயிற்சி, தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. பணிபுரிவோர்க்கும் இல்லத்தரசிகட்கும் இது பெரும் பயன். இன்றைய பேச்சின் எல்லைக்கு அப்பாற்பட்டது ஆகையால் இவ்வளவில் விடுகின்றோம்.

நம் ஊருக்கும் இதில் உறவுண்டு. கொரியர் தொடங்குவதற்கு முன்பே, 2003-இல், ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கிவிட்டன. சென்னை ஐ.ஐ.டி.யே அதன் முதன்மை நிலையங்களுள் ஒன்று. அதன் பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழாக்கமும் கிடைக்கின்றது. பார்க்கவும் படிக்கவும் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று கூறுவோம்: தனியே கைப்பேசியில் பார்த்து உறங்கிவிட வேண்டா. நால்வர் ஐவராகப் படிப்பகத்தில் அமருங்கள். பத்து மணித்துளிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். புரியாததைத் தாளில் குறித்து, மறுநாள் உங்கள் பேராசிரியரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதல் நாள் சினந்தாலும் சினப்பார். மறுமுறை அவரும் அந்தப் பாடத்தைப் பார்த்துவிட்டே வருவார்.

கணிதம், இயற்பியல், பொருளியல், ஆங்கிலம் ஆகிய துறைகளில் நம் பிள்ளைகளுக்கு ஏற்ற பாடங்களின் பெயர்ப் பட்டியலை எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். படிப்பகப் பலகையில் ஒட்டுவதாகக் கூறியிருக்கின்றார்.